தீவிர வாசகர் கொலைக்கதையில் அகப்படும் முறை: ஒரு முன்னாய்வு

கொலை மர்ம நாவல் என்பது, சில அத்தியாயங்களுக்குள் ஒருவரைச் சாகடித்து, சாகடித்தவர் யார் என்பதை இறுதிவரை மறைத்துவைத்து, அவ்வாறு மறைத்ததற்காக வாசகரே நன்றி பாராட்டும்படி செய்யும் உரைநடை வகையாகும். இவ்வகையையே நாள்தோறும் படித்து வாழ்வோர் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். ருஷ்ய நாவல்களிலும் நவீன கவிதையிலும் ஊறிய ஒருவர், ரயில் தாமதத்தின்போது வேறு நூல் அகப்படாமையால் ஒரு கொலைக்கதையை எடுத்து, ரயில் வந்த பின்னும் கீழே வைக்க இயலாமற்போகும் நிலையே இங்கு ஆராயப்படுகிறது. வசதி கருதி இதற்கு 'அயல்வாசிப்பு மயக்கம்' என்று பெயரிடலாம்.

இம்மயக்கத்தை மறுத்தோரும் உண்டு. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன், அகதா கிறிஸ்டியின் நாவலொன்றில் கொல்லப்படும் ரோஜர் அக்ராய்டைக் கொன்றது யாராயிருந்தால் யாருக்கென்ன என்னும் பொருள்படத் தலைப்பிட்டு 1945இல் ஒரு கட்டுரையே எழுதினார். மாறாக, கவிஞர் டபிள்யூ. எச். ஆடன், துப்பறியும் கதை தமக்குப் புகையிலையையும் மதுவையும் போன்ற பழக்கம் என்று 1948இல் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். இவ்விருவருள் நம்பத்தக்க சாட்சி ஆடனே என்பது இக்கட்டுரையின் துணிபு.

மயக்கத்தின் காரணம் வாசகரின் பயிற்சியிலேயே இருக்கிறது. ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட இரகசிய அறையோ வழியோ கூடாது என்றும், முன்னறிவிப்பின்றி இரட்டையரைக் கொண்டுவரலாகாது என்றும், துப்பறிவாளரின் நண்பர் சராசரி வாசகரைவிடச் சற்றே அறிவு குறைந்தவராக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தார். இவ்வகையில் பழகிய வாசகர் இத்தகைய விதிகளைப் பெயரறியாமலே அறிந்திருப்பதால், மழை பெய்தால் எவருடைய காலணியில் சேறில்லை என்று பார்க்கிறார். தீவிர வாசகரோ அம்மழையை மானுடத் துயரின் குறியீடாகக் கொண்டு ஓரத்தில் பென்சிலால் கோடிட்டுவிட்டு மேலே செல்கிறார். நின்றுபோன கடிகாரம் அவருக்குக் காலத்தின் நிலையாமை. ஆசிரியருக்கு அது கொலை நடந்த நேரத்தைத் திரித்துக்காட்டும் கருவி. பொய்த்துப்பு, அதாவது தவறான ஆள்மீது ஐயங்கொள்ளச் செய்வதற்கென்றே இடப்படும் தடயம், இவரிடம் பலிப்பதுபோல வேறெவரிடமும் பலிப்பதில்லை. ஆகவே நுட்பமாகப் படிப்பவரே முழுமையாக ஏமாறுகிறார். முழுமையாக ஏமாறுவதால் திருப்பத்தின் இன்பமும் அவருக்கே முழுமையாகக் கிட்டுகிறது.

1926இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் அக்ராய்டு நாவல் இதற்குத் தக்க சான்று. கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் அதை விளக்குவது கடினம். எனினும் நாவலைப் பாதியில் வைத்திருப்போர் இக்கட்டுரையைப் படிக்கக்கூடும் என்பதால் சான்று விளக்கப்படாமல் விடப்படுகிறது.

படித்து முடித்தபின் தோன்றும் அறிகுறிகள் இரண்டு. முதலாவது, ஏமாற்றப்பட்ட இடத்தைத் தேடி முதல் பக்கத்திற்கே திரும்புதலும், உண்மை அங்கே வெட்டவெளிச்சமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு ஆசிரியரைச் சினத்தோடு மெச்சுதலும் ஆகும். இரண்டாவது, நூலைப் படித்தது ஆங்கிலக் கிராமத்தின் வர்க்க அமைப்பை அறிவதற்கே என்று நண்பர்களிடம் விளக்கமளித்தல். அதன்பின் ஒப்பீட்டு ஆய்வுக்குத் தேவை என்று கூறி அதே ஆசிரியரின் வேறு நூல்களை நூலகத்தில் கேட்டுவாங்குவார். கிறிஸ்டி 66 துப்பறியும் நாவல்களை எழுதியிருப்பதால் அந்த ஒப்பீடு முடியச் சில ஆண்டுகள் ஆகலாம்.