நாலு நட்டுங்க, மாப்பிள்ளை

வாங்க மாப்பிள்ளை, இப்படி ஆசாரத்துல உக்காருங்க. பெங்களூர்ல காருக்கு நாலு டயரும் புதுசாப் போட்டுட்டு வந்தீங்கன்னு அம்மிணி சொல்லுச்சு. பாத்தனுங்க, பட்டனெல்லாம் நெம்ப அழகு. கடையில ஏசி ரூமாம், சோபாவாம், காப்பியெல்லாம் குடுத்தாங்களாம். ரேட்டை அடிச்சுப் பேசிக் கொறச்சீங்களாம். அப்புறம் காத்துக்குக் காசு குடுத்து நைட்ரஜன் புடிச்சீங்களாம். நாம சும்மா இழுத்து வுடற காத்துலயே நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன்தானுங்களே. மீதி 22-க்குத்தான் பில்லுப் போட்டிருக்கறாங்க. பரவால்லீங்க, படிச்சவங்க செலவு.

அத்தனையும் விசாரிச்சீங்களே, நட்டை எதுல முடுக்குனாங்கன்னு கேட்டீங்களா? "ஏர் கன்னுல மாமா, டர்ர்ருனு நாலே நிமிசம்"ங்கறீங்க. பையன் சுறுசுறுப்புதான், ஒத்துக்கறேன். ஆனா எத்தனை முடுக்குனோம்னு பையனுக்கும் தெரியாது, கன்னுக்கும் தெரியாது. சோபாவுல உக்காந்து செல்போன் நோண்டிக்கிட்டிருந்த உங்களுக்குச் சுத்தமாத் தெரியாது.

நட்டு முடுக்கறதுக்கு ஒரு அளவு இருக்குதுங்க. சின்னக் காருக்குப் பெரும்பாலும் 80-ல இருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். உங்க காருக்கு இத்தனைன்னு, கார் வாங்குறப்பக் குடுத்த புஸ்தகத்துல போட்டிருக்கும். டேஷ்போர்டைத் தொறந்து பாருங்க. பிளாஸ்டிக் கவர் பிரிக்காமப் பத்திரமா இருக்கும்.

100-ன்னு வெச்சுக்குங்க. ஒரு அடி ஸ்பேனரோட நுனியில 33 கிலோ அமுக்குனா அந்தக் கணக்கு வந்துரும். ஒரு அரிசிச் சிப்பமும் மேல எட்டுக் கிலோவும். நீங்க ஸ்டெப்னி மாத்துறப்ப ஸ்பேனர் மேல ஏறி நிக்கறீங்க பாருங்க, உங்க ஒடம்புக்கு அது 250-ஐத் தொட்டுரும். மாமியார் ஊட்டு விருந்து முடிஞ்சு ஏறுனீங்கன்னா நான் கணக்குச் சொல்ல மாட்டனுங்க.

இரும்புதானே, கூட முடுக்குனா நல்லதுதானேம்பீங்க. நட்டு மாட்டுற ஸ்டட் முடுக்க முடுக்க மயிரிழை நீளுதுங்க. பழைய நீளத்துக்குத் திரும்பப் பாக்குற அந்த இழுவைதான் வீலை ஹப்போட அமுக்கிப் புடிச்சிருக்குது. அளவு மீறுனா நீண்டது நீண்டதுதான், புடிப்பும் போச்சு, மரையும் போச்சு. டிஸ்க் ஒரு பக்கமா இழுபட்டா, பிரேக் போடுறப்ப ஸ்டீயரிங் உதறும். இதெல்லாங்கூட அப்புறம். ராத்திரி பதினோரு மணிக்குப் பஞ்சர் ஆனா, கன்னு போட்ட முடுக்கைக் காரோட வந்த ஸ்பேனர்ல கழட்டிப் பாருங்க. அம்மிணி டார்ச் புடிச்சிக்கிட்டு உங்களைப் பாக்குற பார்வை இருக்குதே, அது பஞ்சரை விடப் பெருசு.

கொறைவா முடுக்குனா சொல்லவே வேண்டாம். வீல் ஆடும், ஓட்டை அகலும், ஒரு ஸ்டட் ஒடிஞ்சா அதோட பாரம் மத்ததுக்குப் போகும். அப்புறம் வீல் முன்னாடி போகும், நீங்க பின்னாடி போவீங்க.

என்னது? பில்லுப் போடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் டார்க் ரெஞ்சு கொண்டாந்து ஒவ்வொரு நட்டுலயும் வெச்சு "டக் டக்"குனு காட்டுனாரா? வீடியோ வேற எடுத்தீங்களா? நல்லதுங்க. வெச்ச அளவைத் தொட்டதும் ரெஞ்சு டக்குங்கும், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். கன்னுல 200-க்கு ஏத்திட்ட நட்டுல 100-க்கு வெச்ச ரெஞ்சைப் போட்டா, நட்டு அசையாமலே டக்குங்கும். 300-க்கு ஏத்தியிருந்தாலும் அதே டக்குதான். உங்களுக்குக் காட்டுனது கும்புடு. கன்னை லேசா உட்டு நட்டை உக்கார வெச்சு, ஜாக்கியை எறக்கி, ரெஞ்சுல நட்டு கொஞ்சம் திரும்பி அப்புறமா டக்குன்னாத்தான் வேலை. அதும் எதிரெதிரா முடுக்கோணும். வட்டமாச் சுத்திக்கிட்டே வந்தா வீல் சாஞ்சு உக்காரும். மரைக்கு எண்ணெய் தடவுனா நல்லதுன்னு ஒருத்தன் வருவான், அவனை அக்கட்டால அனுப்பிருங்க. புஸ்தகத்துல இருக்குற அளவு காஞ்ச மரைக்கு. எண்ணெய் வழுக்குனா அதே டக்குல முடுக்கு எக்குத்தப்பா ஏறிரும்.

நாமக்கல்ல லாரியோட பொறந்து வளந்தவன் நானு. டீக்கடையில வண்டி நின்னா கிளீனர் பையன் டீக்கு முன்னாடி வீலைத்தான் சுத்தி வருவான். நட்டுல இருந்து துருக் கோடு எறங்கியிருந்தா அங்க ஆட்டம் இருக்குதுன்னு அர்த்தம். பள்ளிக்கோடம் போகாதவன் பாப்பான்.

புதுசா மாட்டுன வீலு ஓட ஓட அமுங்கும். நடுவுல இருக்குற துருவும் தூசியும் நசுங்குனா முடுக்கு தளரும். அதனாலதான் 50, 100 கிலோமீட்டர் ஓட்டுன பொறகு ஒருக்கா சரிபாக்கச் சொல்றது. நீங்க டயர் மாத்துன சூட்டோட தொப்பூர் கணவாய் எறங்கி இங்க வந்து, ரெண்டு தட்டு கோழிக் கொழம்பும் தின்னுட்டு உக்காந்திருக்கறீங்க. தைரியத்துக்குக் கொறைச்சல் இல்லீங்க, எங்க ஊட்டுப் பொண்ணும் அதே வண்டியிலதான் வந்துச்சு.

நாளைக்குப் பொறப்படறதுக்கு முன்னாடி நாலு வீல் நட்டையும் தளத்தி, புஸ்தகத்து அளவுக்குக் கையில முடுக்கச் சொல்லி, பக்கத்துல நின்னு பாருங்க. சேலம் போனா 50 கிலோமீட்டர் ஆயிரும், அங்க நிறுத்தி இன்னொருக்கா ரெஞ்சை வெச்சுப் பாருங்க. ரெஞ்சுக்கு எங்க போறதுன்னு மொகத்தைச் சுளிக்காதீங்க. தீவாளிக்கு மோதிரம் கேட்டீங்களாமே, அதுக்குப் பதிலா டார்க் ரெஞ்சே வாங்கி வெச்சுட்டனுங்க.