அட்டை அத்தை

கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மற்றவர்கள் மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்பார்கள். அட்டை அத்தை முதலில் பிள்ளையாரைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "ஃபாயில்தான் அடிச்சிருக்கான். எம்பாஸ் பண்ணல" என்று தீர்ப்பு வரும். பிறகு பத்திரிகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, "ஸ்பாட் யு.வி. குடுத்திருக்கான், பரவாயில்ல" என்று இரண்டு மதிப்பெண் கூட்டிப் போடுவார். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் முதல்நாள் ராத்திரி யாருக்காவது போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

சென்னையில் இவர் இல்லாத பேட்டை கிடையாது. மாம்பலத்தில் ஒருவர் என்றால் அண்ணா நகரில் நாலு பேர். வயது 45ஐத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்ட வீடாக இருக்கும். இதற்கு முன்பு தஞ்சாவூர் ஓவியமும், காகிதத்தைச் சுருட்டிச் செய்யும் க்வில்லிங் ஜிமிக்கியும் வந்து போயிருக்கும். "ஒரு பர்த்டே கார்டுக்கு 100 ரூபாய் கேக்கறான். நாமே செஞ்சா என்ன?" என்று ஒரு நாள் ஆரம்பித்த சிக்கனம் இன்று பீரோவில் மூன்று தட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாமாவின் சட்டைகள் கொடிக்குப் போய் வெகுநாளாகிறது.

வாழ்த்தட்டையின் பூர்வீகத்தைச் சொன்னால் அத்தைக்குப் பிடிக்காது. இங்கிலாந்தில் 1840இல் பென்னி தபால் வந்த பிறகு கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. அந்தத் தபால் திட்டத்துக்கு உழைத்தவர்களில் ஒருவரான ஹென்றி கோலுக்கே பதில் எழுத நேரமில்லை. 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் போடச் சொல்லி, அச்சடித்து, பெயரை மட்டும் நிரப்பி அனுப்பிவிட்டார். மிச்சத்தை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்றார்கள். முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். படத்தில் குழந்தைக்கும் ஒயின் புகட்டுவதாக இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் சண்டைக்கு வந்தது தனிக்கதை. ஆக, நேரம் இல்லாத ஒரு மனிதர் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த பொருள் இது. அதில் ஒன்றைச் செய்ய அத்தை ஒரு மத்தியானம் முழுக்க எடுத்துக்கொள்கிறார். நடுவில் போன் அடித்தால் எடுப்பதில்லை.

அத்தையின் முதல் படை, ஸ்டாம்புகள். ஒளி ஊடுருவும் பாலிமர் ஸ்டாம்பை அக்ரிலிக் கட்டையில் ஒட்டி, மையில் ஒற்றி, அட்டையில் அழுத்துவது. எங்கே பதிகிறது என்பது மேலிருந்தே தெரியும் என்பதால் கோணாது என்று பெயர். ஆனாலும் கோணும். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு என்பதால் அத்தையின் கையிருப்பில் பனிமனிதன் உண்டு, பைன் மரம் உண்டு, மேப்பிள் இலை மட்டும் எட்டுத் தினுசு உண்டு. பொங்கலுக்கு ஒன்றுமில்லை. ஒரு வருஷம் திருநெல்வேலிச் சொந்தங்களுக்குப் பனி பெய்யும் பொங்கல் வாழ்த்தே போனது.

அடுத்த வருஷம் அத்தை, ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு எதிரே இருக்கும் ரப்பர் ஸ்டாம்பு கடைக்குப் போனார். "பெறப்பட்டது", "மெய்யொப்பம்" என்றே வாழ்நாளைக் கழித்த கடைக்காரர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எந்த ஆபீஸுக்கும்மா?"

"ஆபீஸ் இல்லீங்க. பொங்கல் வாழ்த்து."

"சரி. கீழ டெசிக்னேஷன் என்ன போடணும்?"

"ரெண்டு கரும்பு, ஒரு பானை."

நன்றாகத்தான் செய்து கொடுத்தார். ஆனால் கைப்பழக்கம் விடவில்லை, சுற்றிலும் முட்டை வடிவில் ஒரு கோடு ஓட்டிவிட்டார். அந்த வருஷத்து வாழ்த்துகளைப் பார்த்தால் வட்டாட்சியர் சரிபார்த்து அனுமதித்த பொங்கல் போலவே இருக்கும்.

இதெல்லாம் வெறும் பதிப்பு. அத்தையின் உயிர் எம்பாஸிங்கில் இருக்கிறது.

செய்முறை கேட்பதற்கு எளிது. மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையில் அச்சைப் பதித்து, ஈரம் போவதற்குள் எம்பாஸிங் பவுடரைத் தூவ வேண்டும். சூட்டில் உருகும் பிசினைப் பொடியாக்கியதுதான் அந்தப் பவுடர். மை இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை மடித்த காகிதத்தில் தட்டி டப்பாவிலேயே திரும்பக் கொட்டிவிடலாம். அப்புறம் ஹீட் கன்னால் சூடு காட்டினால் தூள் இளகி, ஒன்றாகக் கூடி, மேடாக நிற்கும். விசிட்டிங் கார்டில் எழுத்து விரலில் தட்டுப்படுகிறதே, அச்சகத்தில் தெர்மோகிராஃபி என்பார்கள், அங்கேயும் நடப்பது இதுதான்.

சென்னைக்கென்று இதில் ஒரு சிக்கல் உண்டு. அதன் பெயர் சீலிங் ஃபேன். ஃபேன் ஓடினால் பவுடர் பறக்கும். எனவே பவுடர் டப்பா திறந்தால் வீட்டில் ஃபேன் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு, மேலே ஹீட் கன்னையும் ஓட்டுகிற குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். "ஏங்க, ஒரு நிமிஷம்தான், மயில் முடிஞ்சிடும்" என்பார் அத்தை. மயிலுக்குத் தோகை பெரிது. மாமா துண்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்.

ஹீட் கன் வாங்குவதற்கு முன்பு ஹேர் டிரையரை வைத்துச் சமாளிக்கப் பார்த்ததும் உண்டு. அதில் சூடு கம்மி, காற்று ஜாஸ்தி. ஒரு டப்பா பொன் தூள் ஒரே மூச்சில் கிளம்பி, சோபாவில் படுத்திருந்த மாமாவின் வழுக்கையில் இறங்கியது. அன்று சாயங்காலம் நடைப்பயிற்சிக்குப் போனவரை என்ன விசேஷம் என்று பார்க்கில் கேட்டார்கள். அதன் பிறகு தோசைக்கல்லைக் காயவைத்து, அதற்கு மேலே அட்டையைக் காட்டினார். சத்தியமாக உருகியது! கீழிருந்து சூடு ஏறினாலும் பவுடருக்குச் சம்மதமே. தோசைதான் இரண்டு நாளைக்கு ஜிகினாவோடு வந்தது.

கையில் துளி ஈரமோ பிசுக்கோ இருந்தாலும் பவுடர் கண்ட இடத்தில் ஒட்டும். அதனால் அச்சுக்கு முன்பு அட்டையில் முகப் பவுடரை லேசாக ஒற்றித் துடைத்துவிட வேண்டும். அப்படியும் மீறி ஒட்டியதை, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லிய தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளுவார். பிறகு கன்னைச் சாய்த்துப் பிடிப்பார். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று மயிலின் கழுத்தோரத்தில் மங்கல் மஞ்சள் பளிச்சென்று பொன்னாகும். அங்கிருந்து தோகை வரைக்கும் அந்தப் பளபளப்பு ஊர்ந்து போகும். அங்கே கன்னை எடுத்துவிட வேண்டும், ஆசைப்பட்டு இன்னும் காட்டினால் பிசின் காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய் பட்டாற்போல் ஆகிவிடும், அட்டையும் நெளிந்துபோகும். அந்தச் சில வினாடிகளை மட்டும் அத்தையால் தனியாக வைத்துக்கொள்ள முடிவதில்லை. "வா வா, உருகுது பாரு" என்று எல்லாரையும் கூப்பிடுவார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன்கூட ஒருமுறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து பார்த்து, "சூப்பர்ங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் பெயர் இன்னும் அந்த வீட்டில் மரியாதையோடு உச்சரிக்கப்படுகிறது.

சூடே இல்லாத எம்பாஸிங்கும் உண்டு. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் அதே வடிவத்தில் பள்ளமும் உள்ள பிளாஸ்டிக் ஃபோல்டருக்குள் அட்டையை வைத்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே கைப்பிடியைச் சுற்றி அனுப்ப வேண்டும். பார்க்க அசல் கரும்புச்சாறு மெஷின். பாதி வழியில் பிளாஸ்டிக் தகடு 'படக்' என்று ஒரு சத்தம் போடும். அது போட்டால்தான் சரியாகப் பதிந்திருக்கிறது என்பது அத்தையின் சித்தாந்தம். கீழ்வீட்டுக்காரர் அதை வேறு மாதிரி நினைக்கிறார்.

பாண்டிச்சேரிக்குப் போனால் மற்றவர்கள் பீச்சுக்குப் போவார்கள். அத்தை அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலைக்குப் போவார். 1959 முதல் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிற இடம் அது. பூவிதழ் பதித்த தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வருவார். அதன் சொரசொரப்பில் நுணுக்கமான ஸ்டாம்பு முழுசாகப் பதியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே வாங்குவதற்குப் பெயர்தான் சேகரிப்பு. நல்ல தாளை வெட்ட மனசு வராமல் அப்படியே மேல்தட்டில் அடுக்கி, மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பார்.

செய்த அட்டையை அனுப்புவது அடுத்த வேதனை. ஃபோம் டேப் வைத்துத் தூக்கிய பூவும் முத்தும் சேர்ந்து கனம் அரை அங்குலத்தை எட்டும். தபாலில் போட்டால் ஸார்ட்டிங்கில் முத்திரைச் சுத்தி மயிலின் கழுத்திலேயே விழும் என்று அத்தைக்கு நிச்சயம். கூரியர்காரர்கள் தூக்கிப் போடுகிறார்கள் என்பதும் நிச்சயம். ஆகவே நேரில் மட்டுமே தருவார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று மருமகள் ஒருமுறை சொன்னாள். "அதுல மேடு தெரியுமாடி?" என்றார். நியாயமான கேள்வி.

வாங்குகிறவர்கள் அட்டையைப் புரட்டி விலையைத் தேடுவார்கள். அங்கே 'என் கைவண்ணம்' என்று குட்டி முத்திரை ஒன்று இருக்கும். உள்ளே ஒன்றுமே இருக்காது. தன் கையெழுத்து அழகைக் கெடுத்துவிடும் என்பதால் அத்தை உள்ளே பெயர்கூட எழுதுவதில்லை, ஒட்டி எடுக்கிற சின்னச் சீட்டில் எழுதி உறைமேல் ஒட்டிவிடுவார். இதன் விளைவை அவர் யோசித்ததில்லை.

அத்தையின் 50ஆவது பிறந்தநாளுக்கு நாத்தனார் வந்தார். புடவை, ஒரு கிலோ மைசூர்பாகு, கூடவே ஓர் உறை. அத்தை பிரித்தார். பொன் மயில். தோகையில் ஏழு வெள்ளி முத்து. திருப்பினார். குட்டி முத்திரை. கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது எந்த வருஷத்து மயில் என்று தெரியும், அதற்காகத்தான் எல்லாரும் வியர்த்தார்கள். மாமா டிவி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

அத்தை மயிலின் கொண்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மடிப்பில் விரித்துப் பார்த்தார்.

"மூணு வருஷம் ஆச்சு. ஒரு இடத்துல உரிஞ்சிருக்கா பாருங்க!" என்று அட்டையை எல்லார் கைக்கும் சுற்றுக்கு விட்டார்.

"உரியவே இல்ல அண்ணி" என்றார் நாத்தனார், மூச்சு வந்தவராக. "நடுவுல ரெண்டு பேர் கைக்குப் போயி வந்தும் அப்படியே இருக்கு."