ஆங்கில வேலைச் சொற்களின் வருணாசிரமம்

ஒருவன் செய்யும் காரியத்திற்கு, அதை அவன் நின்றுகொண்டு செய்கிறானா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு செய்கிறானா, முடிவில் அவன் கையில் விழுவது கூலியா, சம்பளமா, சன்மானமா என்பதையெல்லாம் விசாரித்தறிந்த பின்னரே பெயர் சூட்டும் வழக்கம் ஆங்கில பாஷையில் ஆழ வேரூன்றியிருந்தும், அதனை ஒரு சாஸ்திரமாக வகுத்துத் தர எவரும் முன்வரவில்லை. அக்குறையை நிவர்த்திப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

இவ்வரிசையின் அடித்தட்டில் கிடப்பது 'லேபர்'. முதுகு வளையப் பாடுபட்டுக் கூலி வாங்குவது லேபர். பிரசவ வேதனைக்கும் அதுவே பெயர். பிரிட்டனில் 1906-ஆம் ஆண்டு ஓர் அரசியல் கட்சி இந்நாமத்தைச் சூடிக்கொண்டதன் பயனாக அச்சொல்லுக்குப் பார்லிமெண்டில் ஆசனம் கிடைத்ததேயன்றி, இடுப்பு வலி தீர்ந்ததாகத் தெரியவில்லை. அதன் பங்காளியாகிய 'டிரவெயில்', மூன்று கழிகளால் ஆன ஒரு சித்திரவதைக் கருவியின் லத்தீன் பெயரிலிருந்து பிறந்தது என்பர் பண்டிதர். பிரயாணத்தைக் குறிக்கும் 'டிராவல்' அதன் உடன்பிறப்பு என்பதை மூன்றாம் வகுப்பு ரயிலில் போனவர் எவரும் ஆட்சேபிக்கமாட்டார்.

மாதச் சம்பளம் வந்தால் 'ஜாப்'. வாங்குவது 'ஃபீஸ்' ஆகிவிட்டாலோ, செய்வது குமாஸ்தா எழுதித் தந்ததை வாசிப்பதேயாயினும், அது 'புரொஃபெஷன்'. ஒன்றுமே வராவிட்டால் 'வொகேஷன்', அதாவது தெய்வமே கூப்பிட்டு ஏவிய பணி. தெய்வம் கூப்பிட்ட இடத்தில் சம்பளப் பேச்சு எடுப்பது மரியாதையல்லவே!

இச்சித்தாந்தத்துக்கு இடையூறாக நிற்பவர் டாக்டர் ஜான்ஸன் ஒருவரே. 1755-இல் வெளிவந்த தம் அகராதியில் 'ஜாப்' என்பதை அற்பச் சில்லறை வேலை என்று ஒதுக்கித் தள்ளிய அம்மகான், லண்டன் காஃப் ஸ்கொயர் வீட்டு மச்சில், தாம் புத்தகங்களில் கோடிட்டுக் கொடுத்த வாக்கியங்களை ஆறு எழுத்தர்கள் துண்டுக் காகிதங்களில் பெயர்த்தெழுத, புலமையின் சிகரத்தில் வீற்றிருந்தவர்; அவரோ அகராதிக்காரனைச் சாதுவானதொரு 'ட்ரட்ஜ்' என்று, அதாவது மாடாய் உழைக்கும் அப்பிராணி என்று, எழுதி வைத்துவிட்டார். எனினும், புத்தக வியாபாரிகள் பேசிய 1,500 கினியிலிருந்தே எழுத்தர்களுக்கும் அவர் படியளக்க வேண்டியிருந்ததை நோக்கி, ஃபீஸாகத் தொடங்கியது கூலியாகத் தேய்ந்ததென்று கொண்டால் சித்தாந்தம் பிழைத்துக்கொள்ளும்.

யாதொரு வேலையும் செய்யாமல் பெறும் பணமாகிய 'பென்ஷன்' இவ்வரிசையின் உச்சியில் வீற்றிருக்கிறது. தேசத்துரோகத்துக்காக அரசாங்கத்தின் கூலியாளுக்குக் கொடுக்கப்படுவது என்று அதே அகராதியில் அச்சொல்லை ஏசிய ஜான்ஸன், 1762-இல் மன்னர் அளித்த ஆண்டுக்கு 300 பவுனைப் பெற்றுக்கொண்டார்.