குட்டித் தோட்டாவுக்கு எந்தத் துப்பாக்கி?

கேள்வி: அமெரிக்காவில் பிரெய்ரி டாக் (வளை தோண்டும் அணில் இன விலங்கு) வேட்டைக்கு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைத் தன் விருப்பப்படி உருவாக்க நினைப்பவர் எதை வாங்கலாம்?

பதில்: முதலில் தோட்டா, பிறகுதான் துப்பாக்கி! இந்த வேட்டைக்கு ஏற்ற தோட்டாக்களான, 1950-இல் வந்த .222 ரெமிங்டனும் 1964-இல் வந்த .223-ம் குட்டையானவை. அவற்றுக்கு நீண்ட ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றி வெளியேற்றும் இயக்கப் பகுதி) வீண் சுமை. ஜப்பானின் ஹோவா மினி, செக் நாட்டின் சிஇசட் 527 இரண்டும் இந்த அளவுக்கென்றே பிறந்தவை. 527-இன் அழகு அதன் மௌசர் பாணிக் கொக்கி: தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ளும். விசையை முன்னால் தள்ளிவிட்டால், அடுத்து லேசாகத் தொட்டாலே வெடிக்கும். ஆனால் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. குழல், கட்டை, விசை என எல்லாவற்றையும் மாற்றப்போகிறவருக்கு, 1962 முதல் புழங்கும் ரெமிங்டன் 700-இன் குட்டை ஆக்‌ஷனே சரி. உதிரிபாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். உருளை உடலைக் கடைசலில் சீர்செய்வதும் எளிது. அதிகம் சுமந்து நடப்பவருக்கு ஹோவா மினி.