எந்த முனையை உடைப்பது?

கேள்வி: முழு எண்ணை பைட்டுகளாக்கி அனுப்பும்போது எந்த பைட் முதலில் போனால் என்ன? இரண்டு பக்கமும் கணினிதானே?
– வாசகர், புசல்லாவை

பதில்: உங்கள் ஊர்த் தோட்டக் கணக்கையே எடுப்போம். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. இது இரண்டு பைட்டில் அடங்கும்: 3, 232. அதாவது 3 × 256 + 232. ஜாவாவின் பைட்பஃபர், நீங்கள் மாற்றாதவரை, பெரிய பைட்டை முதலில் வைக்கும். இன்டெல் கணினியில் ஓடும் சி நிரல் அதை அப்படியே நினைவகத்தில் போட்டு வாசித்தால் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்: 232 × 256 + 3 = 59,395 ரூபாய்! பல வருஷப் போராட்டம் தராத உயர்வை ஒரு பிழை தந்துவிடும். குறியுள்ள எண்ணாக வாசித்தாலோ மைனஸ் 6,141. தொழிலாளிதான் துரைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

“எழுத்தாகவே அனுப்பலாமே?” என்பீர்கள். தாராளமாக, ஆனால் இரண்டு பைட் வேலைக்கு நான்கு பைட், எங்கே முடிகிறதென்று காட்ட ஒரு குறி வேறு. எந்த வரிசை மேல் என்ற சண்டையை 1980இல் கணினி அறிஞர் டேனி கோகன், கலிவர் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று நடக்கும் போருக்கு ஒப்பிட்டார். தீர்ப்பு எளிது: இணைய நெறிமுறைகளின் வழக்கப்படி பெரியதை முதலில் வையுங்கள், இரு பக்கமும். முட்டையை எந்த முனையில் உடைத்தாலும் ஆம்லட் வரும், சம்பளம் வராது.