நுங்கு ஏன் கல்லாகிறது?

கேள்வி: இளசாக இருக்கும்போது வழுக்கி ஓடும் நுங்கு, முற்றினால் பல்லையே கேட்கிறதே, ஏன்?
- வாசகி, பேசாலை

பதில்: உள்ளே இருக்கும் மேசன் கலவையை மாற்றிவிடுகிறார்! நுங்கில் இருப்பது கலக்டோமன்னான். மன்னோஸ் சர்க்கரையால் ஆன நீண்ட சங்கிலி. பக்கக் கிளைகளாக கலக்டோஸ். கிளைகள் நிறைய இருந்தால் நீர் தங்கும், வழுவழுக்கும். முற்ற முற்றக் கிளைகள் குறைந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடும். இந்தச் சங்கிலியைக் கட்டுவது கலத்தின் கொல்கி உறுப்பு. மன்னோஸைச் சுமந்து வந்து கொடுப்பது ஜிடிபி என்னும் மூலக்கூறு.

விதை முளைத்ததும் அந்தக் கல் கரைந்து, கொட்டைக்குள் பஞ்சுபோல வளரும் பூரான் வழியாகப் பனங்கிழங்குக்கு இறங்கி மாச்சத்தாகிறது. அந்தக் கிழங்கைக் காயவைத்தால் ஒடியல்; அதன் மாவில்தான் உங்கள் வீட்டு ஒடியல் கூழ். ஆகவே பனங்கொட்டையை வீசாதீர்கள்; பாத்தி போடுங்கள்.