பாதாள மாப்பிள்ளை

கேள்வி: கிரேக்கப் புராணத்தில் பெர்செபனியைக் கடத்திப்போன பாதாள தேவன் ஹேடிஸை இன்றைய இளசுகள் காதல் நாயகனாகக் கொண்டாடுகிறார்களே, நியாயமா?

பதில்: பழைய கதையில் பெண் அலறுகிறாள், அப்பன் ஜீயஸோ முன்பே சம்மதம் கொடுத்தாயிற்று. ஒன்பது நாள் தேடி அலைந்த தாய் டிமீட்டர், பிறகு கோபத்தில் பூமியில் ஒரு விதையும் முளைக்காமல் செய்துவிட்டாள். 2018-இல் தொடங்கிய 'லோர் ஒலிம்பஸ்' இணையச் சித்திரக்கதையில் அதே ஹேடிஸ், தனிமையில் வாடும் பணக்காரர். பெண்ணும் விரும்பியே பழகுகிறாள். கண்ணில் பட்டவளையெல்லாம் துரத்தும் ஜீயஸுக்கு இந்த மாப்பிள்ளை தேவலைதான். பெண்ணுக்கும் வாய் திறக்க இப்போதாவது இடம் கிடைத்ததே! டிமீட்டர் பாடுதான் பரிதாபம். மாதுளை விதையைத் தின்னவைத்துப் பெண்ணைப் பாதாளத்தில் மடக்கியவனுக்கு ரசிகர் மன்றம். பட்டினியோடு தேடியவளுக்குக் கெடுபிடி மாமியார் வேஷம்.